அறிகுறி: இல்லை

பிப்ரவரி 14, திருநீற்றுப் புதன்

காலைப் பூசை முடிந்ததும் நெற்றிச் சாம்பலைத் துடைக்காமலேயே கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் முபீனாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்டிக்காரி. கையெழுத்துதான் கோழி கிளறியது போல. எடுத்தவுடன் “உட்காருங்க ஆன்ட்டி” என்றாள். “மிஸஸ் அருளப்பன்” என்று திருத்தினேன். சிரித்துக்கொண்டாள்.

மூன்று மாத இருமலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆஸ்துமா. எழுபத்தோரு வயதில் புதிதாக வந்த விருந்தாளி. லேசானதுதானாம், ஆனால் வந்தது போகாதாம்.

“ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தொந்தரவு இருந்தாலும் இல்லாட்டியும் தினமும் காலையும் மாலையும் இன்ஹேலர் எடுக்கறது. இன்னொண்ணு, தொந்தரவு வர்றப்ப மட்டும் எடுக்கறது. இந்த ஒரே இன்ஹேலர்ல மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தும் இருக்கு, உள்ள இருக்கிற வீக்கத்தைக் குறைக்கிற மருந்தும் இருக்கு. அதனால இப்ப உங்களுக்கு இருக்கிற அளவுக்கு ரெண்டு வழியுமே சரிதான்.”

“அப்படின்னா ரெண்டாவது” என்றேன்.

“யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டாவது வழி முழுக்க உங்க வார்த்தையை நம்பி நடக்கறது. சின்னத் தொந்தரவுன்னாலும் எடுக்கணும், எழுதணும்.”

“டாக்டர், நான் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சுல முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவ. யார் எத்தனை நிமிஷம் பேசினாங்கன்னு குறிக்கிற கால் டிக்கெட்ல ஒரு நிமிஷம் தப்பா எழுதினதில்ல.”

அதற்கு மேல் அவள் என்ன சொல்ல முடியும்? வெள்ளைக் குழாய் ஒன்றைக் கொடுத்து ஊதச் சொன்னாள். முழுப் பலத்தோடு ஊதினால் சிவப்பு முள் ஓர் எண்ணில் போய் நிற்கிறது. 320. தினமும் காலையில் ஊதி அந்த அளவையும், அறிகுறி உண்டா இல்லையா என்பதையும், இன்ஹேலர் எடுத்தேனா என்பதையும் எழுத வேண்டும். எழுதுகிறேன். ஒரு முழுப் பக்கத்தில் மூன்று சொற்களை எழுதி மீதியை வீணாக்க எனக்கு மனம் வராது. டாக்டருக்கான வரியை அடிக்கோடிடுவேன். மற்றது என் சொந்த விஷயம்.

தினமும் மருந்து எடுப்பவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதற்குக் கீழ்வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. என் நாத்தனார் எமரன்சி. நான்கு வருடமாக விடியற்காலை ஐந்தரைக்கு இன்ஹேலரை இழுத்துவிட்டுக் கொல்லைக் குழாயடியில் வாய் கொப்பளிக்கிறாள். அந்தச் சத்தத்தில்தான் தெரு விழிக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதும் நோயாளி போல நடந்துகொள்வது எனக்கு ஒத்துவராது.

அளவு 320. அறிகுறி: இல்லை. இன்ஹேலர்: இல்லை.


பிப்ரவரி 16, வெள்ளி

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலத்தின் முதல் சிலுவைப்பாதை. ஆண்டவர் சிலுவை சுமந்த வழியை நினைத்துப் பதினான்கு தலம், பதினான்கு முறை முழந்தாளிட்டு எழுவது. தூபக்கலசத்தை ஆட்டிய பையன் பக்தியில் கொஞ்சம் தாராளமாக இருந்தான்.

முடிந்ததும் பங்குத்தந்தை சூசைமாணிக்கம் வாசலில் நிறுத்தினார். “பெரிய வெள்ளிக்கு நீங்கதானே அம்மா?” என்றார். பதினெட்டு வருடமாக நான்தான். அன்று பிற்பகல் திருப்பாடுகளின் வரலாற்றை மூன்று பேர் வாசிப்போம். ஆண்டவரின் வார்த்தைகள் சாமியாருக்கு. பேதுரு, பிலாத்து, கூட்டம் எல்லாம் ரெமிஜியுஸ் சாருக்கு. நடந்ததைச் சொல்லும் குரல் எனக்கு. இருபத்தைந்து நிமிடம் நின்றபடி, ஒரு வரியையும் தவறான இடத்தில் உடைக்காமல் வாசிக்க வேண்டும். “அந்தக் குரலாலதான் எங்க ஊர்ல பெரிய வெள்ளி வருது” என்று ஒரு முறை ஆயரே சொல்லியிருக்கிறார். நான் இல்லாத பெரிய வெள்ளியை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஒன்பதாம் தலத்தில் நெஞ்சை நாடா போட்டுக் கட்டியது போல இருந்தது. கான்வென்டில் சிஸ்டர் பெர்னதின் கற்றுக்கொடுத்தபடி அதை ஒப்புக்கொடுத்தேன். தபசு காலத்தில் வரும் வலியை வீணாக்கக் கூடாது. இறந்தவர்கள் பாவம் கழியக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஓர் ஆத்துமாவுக்குக் கொடுத்துவிட வேண்டும். நான் என் கணவர் அருளப்பனுக்குக் கொடுத்தேன். கொடுத்ததைப் பற்றிப் பேசக் கூடாது, மருந்து போட்டுத் தணிக்கவும் கூடாது என்பதும் சிஸ்டரின் சட்டம்தான். அதனால் அதை அறிகுறியில் சேர்க்கவில்லை.

அளவு 310. அறிகுறி: இல்லை. இன்ஹேலர்: இல்லை.


பிப்ரவரி 19, திங்கள்

அளவு 310. அறிகுறி: இல்லை. இன்ஹேலர்: இல்லை. ரசம் நன்றாக வந்தது.


பிப்ரவரி 23, வெள்ளி

என் மாடிக்குப் பதினேழு படிகள். இன்று மார்க்கெட்டிலிருந்து வந்து ஏறும்போது பத்தாவது படியில் நின்று கொய்யா மரத்தைப் பார்த்தேன். பூ வைத்திருக்கிறது. இத்தனை வருடம் அதைக் கவனிக்காமல் ஏறிப் போயிருக்கிறேன்.

சிலுவைப்பாதையில் இன்று ஆறாம் தலத்திலேயே நாடா இறுகிவிட்டது. ஒப்புக்கொடுத்தேன்.

அளவு 300. அறிகுறி: இல்லை. இன்ஹேலர்: இல்லை.


பிப்ரவரி 27, செவ்வாய்

மூன்றாவது தலையணை ஒன்று வாங்கினேன். சாய்ந்தபடி படுத்தால் முதுகுக்கு நல்லது என்று எங்கோ படித்திருக்கிறேன்.

அளவு 290. அறிகுறி: இல்லை. இன்ஹேலர்: இல்லை.


மார்ச் 1, வெள்ளி

கொய்யா மரத்தை ஒரே ஏற்றத்தில் இரண்டு முறை பார்த்தேன். ஐந்தாவது படியிலிருந்தும் நன்றாகவே தெரிகிறது.

அளவு 280. இல்லை. இல்லை.


மார்ச் 3, ஞாயிறு

முதல் ஒத்திகை. என் முறையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நீளமான வாக்கியங்களை நடுவில் நிறுத்தி வாசித்தால் கேட்பவர்களுக்கு மனத்தில் பதியும். ரெமிஜியுஸ் சார் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“என்ன மேடம், புது ஸ்டைலா?”

“அர்த்தத்துக்காக நிறுத்தறேன் சார்.”

“சரி சரி. ‘அவன்’னு சொல்லிட்டு நிறுத்தினீங்க. எவன்னு நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம்.”

கணக்கு வாத்தியாராக இருந்தவருக்கு வாசிப்பைப் பற்றி என்ன தெரியும்?

அளவு 270. இல்லை. இல்லை.


மார்ச் 5, செவ்வாய்

எமரன்சி முருங்கைக்கீரை ஆய்ந்து எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். அறுபத்தெட்டு வயது. படியேறி வந்த மூச்சிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“என்ன அண்ணி, காத்தாலேருந்து இருமல் சத்தம் கீழ வரைக்கும் கேக்குது?”

“தாளிச்சேன். மிளகாய் நெடி.”

“காலைல ஆறு மணிக்கு யாருக்குத் தாளிச்சீங்க?”

“எமரன்சி, கீரையை வச்சுட்டுப் போ.”

“வைக்கிறேன். அந்த இன்ஹேலரை எங்க வச்சிருக்கீங்க? கண்ணுலயே காணோமே.”

பீரோவில், ஜெபப்புத்தகத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. என் மாமியார் பார்க்கும் பார்வை அது. குடும்பத்திலேயே ஓடுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். அறிகுறி என்றால் மூச்சு விட முடியாமல் போவது. எனக்கு மூச்சு விட முடிகிறது. எக்ஸ்சேஞ்சில் லைனில் இரைச்சல் இருந்தால் அதைக் கோளாறு என்று எழுத மாட்டோம். பேச்சு கேட்காமல் போனால்தான் கோளாறு.

அளவு 260. அறிகுறி: இல்லை. இன்ஹேலர்: இல்லை.


மார்ச் 9, சனி

கிளினிக்கிலிருந்து போன். இன்று வர வேண்டிய நாளாம். பங்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது, ஈஸ்டர் முடிந்து வருகிறேன் என்று சொன்னேன். அந்தப் பெண், “நல்லா இருக்கீங்களாம்மா?” என்று கேட்டாள். “மிக நன்றாக” என்றேன்.

அளவு 240. குழாயில் ஏதோ பழுது. முள் தளர்ந்திருக்க வேண்டும்.


மார்ச் 10, ஞாயிறு

இரண்டாம் ஒத்திகை. நெருப்பு மூட்டிக் குளிர்காயும் இடத்தில் நீயும் இயேசுவின் ஆள்தானே என்று பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார்கள், மூன்று முறையும் மறுக்கிறார். மூன்றாவது மறுப்புக்கு முன்னால் என் வரி. பாதியில் நின்றுவிட்டேன். வார்த்தை தெரியும், கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அதைத் தூக்கிப் போகக் காற்று இல்லை.

சாமியார் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பிறகு மிகவும் மெதுவாக, “ரெமிஜியுஸ் சார் மக ஜூலியானாவும் நல்லா வாசிப்பா. தேவைப்பட்டா பாதியைப் பிரிச்சுக்கலாம்மா” என்றார்.

“தேவைப்படாது ஃபாதர். தொண்டை வறட்சி.”

ஜூலியானா ‘ழ’வை ‘ல’ என்பாள். அவள் வாயில் திருப்பாடுகள் படும் பாட்டை நான் உயிரோடு இருந்து கேட்கப்போவதில்லை.

அளவு 230. இல்லை. இல்லை.


மார்ச் 14, வியாழன்

குளிப்பதற்கு முக்காலி போட்டுக்கொண்டேன். வசதியாக இருக்கிறது.

அளவு 210.


மார்ச் 17, ஞாயிறு

அளவு 190. பழுதான குழாயில் ஊதுவது வீண். நாளையிலிருந்து ஊதப் போவதில்லை. அறிகுறி: இல்லை. இன்ஹேலர்: இல்லை.


மார்ச் 19, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. கை நடுங்கியது. மருந்தின் குணம் அது, பயம் ஒன்றும் இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஐந்தரைக்குப் பூசைக்குக் கிளம்பினேன். இறங்கும்போது ஏழாவது படியில் மூச்சு நின்றது. உள்ளே போனது வெளியே வர மறுத்தது. உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சுக்குள் பூனை கத்துவது போல ஒரு சத்தம். என்னிடமிருந்துதான் வருகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எமரன்சி அப்போதுதான் குழாயடியில் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, “அண்ணி?” என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதைச் சொல்லக்கூட மூச்சு இல்லை.

அவள் பதினேழு படிகளையும் ஏறினாள். பீரோவைத் திறந்து, ஜெபப்புத்தகத்தைக் கீழே தள்ளி, இன்ஹேலரை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நடுவில் எங்கும் நிற்கவில்லை. கொய்யா மரத்தைப் பார்க்கவில்லை. அந்த நிலையிலும் நான் அதைக் கவனித்தேன்.

இரண்டு முறை என் வாயில் அழுத்தினாள். பிறகு ஆட்டோ. ஆட்டோவில் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். மூச்சு கொஞ்சம் திரும்பியதும், “தூசிதான்” என்றேன்.

கையை எடுத்துவிட்டாள்.

“எங்க அண்ணன் ரெண்டு நாள் வாயு வாயுன்னு சொன்னாரு. மூணாம் நாள் போயிட்டாரு. நெஞ்சு வலின்னு ஒரு வார்த்தை சொல்லலியேன்னு அவரை மன்னிக்கவே மாட்டேன்னீங்க. ஆறு வருஷமா எங்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கீங்க. நீங்க இத்தனை நாளா மிளகாய் நெடின்னீங்க, இப்ப தூசிங்கறீங்க.”

ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

கிளினிக்கில் முகமூடி மாட்டிப் புகை மருந்து கொடுத்தார்கள். மூன்று முறை. மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு டாக்டர் முபீனா நோட்டைப் புரட்டினாள். எமரன்சி அதையும் எடுத்து வந்திருக்கிறாள். அடிக்கோடிட்ட வரிகளை மட்டும்தான் டாக்டர் படித்தாள். அவளும் ஒழுங்கானவள்தான்.

“முப்பத்து மூணு நாள்” என்றாள். “ஒரு நாள்கூட அறிகுறி இல்ல.” இன்ஹேலரைத் திருப்பி அதன் பின்பக்கத்தைக் காட்டினாள். அங்கே ஒரு சின்ன ஜன்னலில் எண் தெரிகிறது. நான் அதைக் கவனித்ததே இல்லை. “புதுசுல நூத்தி இருபது. இப்ப நூத்திப் பதினெட்டு. அந்த ரெண்டும் இன்னிக்கு இவங்க கொடுத்தது.”

“அந்த ஊதுகுழாய் பழுது, டாக்டர்.”

அவள் அதை வாங்கி, வேறொரு வாய்முனை மாட்டி, எழுந்து நின்று ஊதினாள். 430.

“பழுது இல்லை, மிஸஸ் அருளப்பன்” என்றாள்.

நான் கேட்டு வாங்கிய மரியாதை. நேற்று அது என்னை அறைந்தது.


மார்ச் 20, புதன்

ஐந்து நாளைக்கு மாத்திரை. பசி பசி என்று வயிறு கேட்கிறது. எமரன்சி இட்லி கொண்டு வந்தாள். பேசவில்லை. கொப்பளிக்கும் சத்தம்கூட இன்று மெதுவாகத்தான் கேட்டது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

எக்ஸ்சேஞ்சில் தப்பாக எழுதிய டிக்கெட்டைக் கிழிக்கக் கூடாது, அழிக்கவும் கூடாது. குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கீழே கையெழுத்து. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 16: நெஞ்சு இறுக்கம், அரை மணி நேரம்.
பிப்ரவரி 23: அதேதான். கூடவே படியில் நின்றது.
பிப்ரவரி 27: படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை அதற்காக.
மார்ச் 5: விடியற்காலை இருமல். தாளிக்கவில்லை.
மார்ச் 10: தொண்டை வறட்சி இல்லை.
மார்ச் 14: நின்று குளிக்க முடியவில்லை.

முப்பத்து மூன்றில் இருபத்தாறு பக்கத்தில் கோடு விழுந்தது. என் பணிக்காலத்தில் இப்படி ஒரு டிக்கெட் புத்தகத்தை யாராவது கொண்டு வந்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். இருபத்தாறிலும் கையெழுத்துப் போட்டேன். ஸ்கொலாஸ்திகா அருளப்பன், முழுப் பெயர்.


மார்ச் 21, வியாழன்

நோட்டை முழுவதும் படிக்கச் சொல்லி டாக்டரிடம் கொடுத்தேன். கொய்யா மரத்துக்கு வந்ததும் சிரித்துவிட்டாள். அருளப்பனுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

“என் பேர்லயும் தப்பு இருக்கு. ஈஸ்டருக்கு அப்புறம் வர்றேன்னு நீங்க சொன்னப்ப நான் விட்டிருக்கக் கூடாது.”

“ரெண்டாவது வழி மோசமான வழியா டாக்டர்?”

“இல்ல. அதுல நல்லா இருக்கிறவங்க நிறையப் பேர் எங்கிட்ட வர்றாங்க. லேசா இழுத்தாலே எடுத்துடுவாங்க, மறைக்காம எழுதுவாங்க. வயசாச்சுன்னா சில பேருக்கு மூச்சு குறையறது தெரியவே தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க ஒத்துக்கல, அவ்வளவுதான். இப்ப கொஞ்ச நாளைக்கு நான் உங்களுக்கு வழியைத் தேர்ந்தெடுக்க விடப் போறதில்ல.”

“நானே தேர்ந்தெடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். தினமும். காலை ஐந்தரை, மாலை ஐந்தரை. தொந்தரவு இருக்கான்னு என்னைக் கேக்காத வழி எதுவோ, அதுதான் எனக்குச் சரி.”

அதே இன்ஹேலர்தான். காலையும் மாலையும் எடுத்து, வாய் கொப்பளிக்க வேண்டும். இடையில் இறுக்கம் வந்தால் அப்போதும் எடுக்க வேண்டும். எட்டு நாளில் பெரிய வெள்ளி, வாசிக்கலாமா என்று கேட்டேன்.

“புதன்கிழமை குழாய் இருநூத்தி எழுபதைத் தாண்டினா வாசிங்க. இல்லைன்னா அந்த ஜூலியானா வாசிக்கட்டும்.”

“டாக்டர், அவளுக்கு ‘ழ’ வராது.”

“அப்ப ஒழுங்கா மருந்து எடுங்க.”


மார்ச் 22, வெள்ளி

காலை 5.30. எடுத்தேன். கொல்லைக் குழாயடியில் எமரன்சிக்குப் பக்கத்தில் நின்று கொப்பளித்தேன்.

“சத்தமாக் கொப்பளிங்க அண்ணி. தெரு எழுந்திருக்க வேணாமா?” என்றாள்.

பேசிவிட்டாள்.

மாலையில் சாமியார் பார்க்க வந்தார். ஒப்புக்கொடுத்த கதையைச் சொன்னேன். நெற்றியைத் தடவிக்கொண்டார். “தபசு காலத்துல காபியை நிறுத்துவாங்க, கறியை நிறுத்துவாங்க. மருந்தை நிறுத்துன ஒரே ஆள் நீங்கதாம்மா. அருளப்பன் சாருக்கு ஒரு பூசை வச்சா போதாதா?”

வைக்கச் சொன்னேன்.

அளவு 220. அறிகுறி: உண்டு, படியில் ஒரு முறை நின்றேன். இன்ஹேலர்: காலை, மாலை.


மார்ச் 24, குருத்து ஞாயிறு

பவனியில் நடக்கவில்லை. கோயிலுக்குள் தூபம் இல்லாத பக்கமாக உட்கார்ந்தேன். இன்று திருப்பாடுகளை ஜூலியானா வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள், ஒன்பது ‘ழ’ நீங்கலாக.

அளவு 250. அறிகுறி: காலை இருமல், கொஞ்சம். இன்ஹேலர்: காலை, மாலை.


மார்ச் 27, புதன்

280. மூன்று முறை ஊதினேன், மூன்று முறையும் 280. கிளினிக்குக்குப் போன் செய்து எண்ணை மட்டும் சொன்னேன்.

ஒத்திகையில் பேதுருவின் இடத்தைத் தாண்டினேன். ரெமிஜியுஸ் சார், “பழைய ஸ்டைலே நல்லா இருக்கு மேடம்” என்றார்.

கொய்யா பிஞ்சு விட்டிருக்கிறது. எமரன்சி சொன்னாள். நான் நிற்கவில்லை, பார்க்கவில்லை.


மார்ச் 29, பெரிய வெள்ளி

கோயில் நிரம்பி வெளிப்பந்தலிலும் ஆட்கள். மின்விசிறிகள் வெக்கையைத்தான் சுற்றிக் கொடுத்தன. சேலை நிறத்திலேயே தைத்த சுருக்குப்பைக்குள் இன்ஹேலர் இடுப்பில் இருந்தது. வாசக மேடையில் ஏறினேன்.

தோட்டம், தீவட்டிகள், நெருப்பு, மூன்று மறுப்புகள். எதையும் உடைக்கவில்லை. பிலாத்துவின் அரண்மனையில் ரெமிஜியுஸ் சார் வழக்கம் போல அதிகமாகக் கத்தினார். கல்வாரிக்கு ஏறும்போது நாடா இறுக ஆரம்பித்தது. லேசாகத்தான். பழைய ஸ்கொலாஸ்திகாவுக்கு அது போதுமான காணிக்கை.

ஆண்டவர் உயிர்விடும் இடம் வந்தது. வாசித்தேன். எல்லோரும் முழந்தாளிட்டார்கள். இந்த இடத்தில் கொஞ்ச நேரம் மௌனம். பதினெட்டு வருடமாக அந்த மௌனத்தில் நான் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகும் எனக்கு ஒரு பத்தி இருக்கிறது.

சுருக்குப்பையைத் திறந்தேன். குலுக்கினேன். அழுத்தினேன். மைக் என் வாய்க்கு நேரே இருந்தது என்பது சத்தம் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. குக்கர் ஆவி விட்டது போல எட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டது. மருந்தை இழுத்தபின் பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று எண்ணினேன். ஆயிரம் பேர் தலை தூக்கி என்னைப் பார்த்தார்கள். ஒருவர்கூட அசையவில்லை. ஒன்பது, பத்து.

மூச்சை விட்டேன். மீதிப் பத்தியை ஒரே சீராக வாசித்து முடித்தேன்.

வெளியே வந்ததும் எமரன்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மைக்கை அணைச்சிருக்கக் கூடாதா அண்ணி? டீக்கடை வரைக்கும் கேட்டுச்சாம்.”

“கேக்கட்டும்.”

“ஜூலியானாவோட அம்மா வந்து எங்கிட்ட விசாரிச்சாங்க. அவங்களுக்கும் ரெண்டு வருஷமா இழுப்பாம். யார்கிட்டயும் சொன்னதில்லையாம். உங்க டாக்டர் பேர் என்னன்னு கேட்டாங்க.”

“திங்கட்கிழமை நானே கூட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லு. நோட்டும் பேனாவும் எடுத்துக்கச் சொல்லு.”

அளவு 290. அறிகுறி: உண்டு. பிற்பகல் 3.42, நெஞ்சு இறுக்கம். இன்ஹேலர்: காலை ஒன்று, 3.42க்கு ஒன்று, மாலை ஒன்று.

டாக்டர், இந்தப் பக்கம் முழுவதையும் அடிக்கோடிட்டிருக்கிறேன். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடலாம்.